வரியின் வலது பாதி காணாமல் போனால்

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறார். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் விழவில்லை, பேச்சும் குழறவில்லை. ஆனால் பேப்பரைக் கையில் எடுத்தால் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. "எழுத்து ஓடிப்போகுது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். சிட்டையில் 18,650 என்று இருந்தால் 18 என்று படிக்கிறார். வலது கண்ணில்தான் கோளாறு என்பது அவர் சொல்வது. கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பார்த்துவிட்டோம், பவர் மாறவில்லை என்கிறார்கள். கண்ணுக்கு ஆபரேஷன் ஏதும் தேவையா? யூடியூபில் வரும் கண் பயிற்சிகளைச் செய்யலாமா? சீசனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் மண்டிக்குப் போக முடியுமா, தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுக்கலாமா? (பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: கடைக்காரர் சொன்னதும் சரி, அப்பா சொல்வதும் சரி. நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரி நகலில் இரண்டுக்கும் விடை இருக்கிறது. மூளையின் இடது பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைபட்டதாக எழுதி, அதற்குக் கீழே "ரைட் ஹோமோனிமஸ் ஹெமியனோபியா" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பாதிப் பார்வை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். இரண்டு கண்ணின் வலப்பக்கக் காட்சியும் இடது பின்மூளைக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கே அடிபட்டால் கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வலது பாதி தெரியாது. கடையில் வைத்திருக்கும் எழுத்துப் பலகையை ஒவ்வொரு எழுத்தாக நேராகப் பார்த்துப் படித்துவிடலாம். அதற்குப் பார்வையின் நடுப்புள்ளி மட்டும் போதும். அதனால்தான் 6/6, அதாவது முழுப் பார்வை என்று வருகிறது. அந்தப் பலகை பக்கப் பார்வையை அளப்பதில்லை.

"வலது கண் தெரியவில்லை" என்று அப்பா சொல்வது இந்த நோயில் பலரும் சொல்வது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அவருக்கு எதிரே ஒரு கை நீளத் தூரத்தில் முட்டிக்கு முட்டி உட்காருங்கள். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடட்டும், நீங்கள் உங்கள் வலது கண்ணை மூடுங்கள். அவர் பார்வை உங்கள் திறந்த கண்ணை விட்டு அசையக் கூடாது. இருவருக்கும் நடுவில், அவருக்கு வலப்பக்கம் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிறகு இடப்பக்கம் மேலே, கீழே என்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து மட்டும் போதும், மூன்றும் நான்கும் குழப்பும். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணிலும் வலப்பக்கம் மட்டும் தப்பினால் சம்மரியில் இருப்பது சரி. ஒரு கண்ணில் மட்டும் தப்பினால் அது விழித்திரையோ பார்வை நரம்போ சம்பந்தப்பட்ட வேறு விஷயம், அன்றே கண் டாக்டரிடம் போகவேண்டும்.

இது தோராயமான சோதனைதான். சரியான அளவுக்கு, பார்வைப் பரப்பை அளக்கும் 'ஃபீல்டு டெஸ்ட்' எடுக்க வேண்டும். போலுப்பள்ளியிலுள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் முதலில் கேளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம். வழக்கமாக எடுப்பது 24-2 என்ற வகை. அதோடு 10-2 வகையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஏனென்றால் வாசிப்பைத் தீர்மானிப்பது நடுவிலுள்ள சில டிகிரிதான். 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த தாளில் 5 டிகிரி என்பது மூன்றரை சென்டிமீட்டர். வலப்பக்கம் அந்த 5 டிகிரி மிஞ்சியிருந்தால் வாசிப்பு ஓரளவு ஓடும். ஒரு டிகிரி, அதாவது 7 மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சியிருந்தால் சொல் பாதியில் அறுந்துபோகும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான் என்று தோன்றுகிறது.

ஏன் வலது பாதி போனால் வாசிப்பு இவ்வளவு அடிபடுகிறது? கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கும், பிறகு அடுத்த தாவல். நிற்கும்போதே அடுத்து எங்கே இறங்குவது என்பதை வலப்பக்கத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்துகளை வைத்து முடிவு செய்கிறது. ஆங்கிலம் படிப்பவர்களை அளந்து பார்த்ததில், நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும் பயன்படுவது தெரிந்தது. இடமிருந்து வலமாகப் படிக்கும் எவருக்கும் வலப்பக்கம்தான் முன்னே போகும் டார்ச் லைட். அது அணைந்துவிட்டால் கண் எங்கே தாவுவது என்று தெரியாமல் குட்டிக் குட்டியாகத் தாவும், போன இடத்துக்கே திரும்பி வரும். அப்பா சொல்லும் "எழுத்து ஓடிப்போகுது" இதுதான்.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. நம் மொழியில் அர்த்தத்தைத் திருப்பிப் போடும் பகுதி சொல்லின் வாலில் இருக்கிறது. "கொடுக்கப்படவில்லை" என்ற சொல்லில் முதல் பாதியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தால் "கொடுக்கப்பட்டது" என்று வாய் சொல்லிவிடும். மாத்திரைச் சீட்டில் "சாப்பிடக்கூடாது" என்பது "சாப்பிட" என்று நின்றுவிடும். எண்ணிலும் அதே கதை: 18,650-இல் 18 மட்டும் கண்ணில் பட்டது, கமாவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஆகவே அப்பா படிக்கும்போது எங்கே திக்குகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். திக்காமல் தவறாகப் படிக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள், அவைதான் மண்டியில் பணத்தை இழக்கவைக்கும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் இரண்டு விஷயத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

முதலாவது, எழுத்தையே அடையாளம் காணமுடியாத நிலை. இடது பின்மூளை அடிபட்டவர்கள் சிலருக்கு எழுத வரும், ஆனால் தாமே எழுதியதைப் படிக்க வராது. பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் 1892-இலேயே இதை விவரித்திருக்கிறார். சோதிப்பது எளிது: "நாளைக்கு மூணு லோடு பெங்களூரா மாங்காய் வருது, எடை போட ஆளைச் சொல்லி வை" என்பது போல அவருக்குப் பழக்கமான ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தாளை வாங்கிவைத்து, பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, படிக்கக் கொடுங்கள். மெதுவாகவேனும் சொல் சொல்லாகப் படித்தால் பிரச்சினை பார்வைப் பாதியோடு நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாலும், "இது என்ன எழுத்து" என்று விழித்தாலும் அவருக்கு முதலில் தேவை ஸ்பீச் தெரபிஸ்ட். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு எழுத்தை உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினால் தெரியும். கீழே சொல்லும் பயிற்சிகள் அவர்களுக்குத் தனியாகப் போதாது.

இரண்டாவது, ஒரு பக்கத்தை மூளை கவனிக்கவே மறுப்பது. இது பெரும்பாலும் வலது மூளை அடிபட்டு இடப்பக்கம் காணாமல் போகும்போது வருவது, உங்கள் அப்பாவுக்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு வீடுகளுக்காகச் சொல்கிறேன். தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்பதால் "கொடு" என்பதை அவர்கள் "காடு" என்று படிப்பார்கள், தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சும், தனக்கு ஒன்றும் இல்லை என்பார்கள். பார்வைப் பாதி மட்டும் போனவருக்கோ ஏதோ தவறுகிறது என்று தெரியும், தலையைத் திருப்பித் தேடுவார். ஒரு தாளில் 20 சென்டிமீட்டர் கோடு போட்டு நடுப்புள்ளியைக் குறிக்கச் சொன்னால், கவனம் போனவர் குறி வலப்பக்கம் நன்றாகத் தள்ளி விழும். பார்வைப் பாதி போனவர் குறி பெரும்பாலும் தெரியாத பக்கமாகவே கொஞ்சம் சாயும்.

இனி பயிற்சி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன பாதிப் பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது இதன் நோக்கம் அல்ல. தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் திரும்பிவிடும், ஆறு மாதத்துக்குப் பிறகு அபூர்வம். ஆனால் கண் தாவும் விதத்தை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம், நான்கு மாதம் ஆகிவிட்டது என்று தயங்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் புத்தகம் வேண்டாம், சுவர் போதும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் 1 முதல் 20 வரை எடுங்கள், பெரிய எண் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்குள் வரிசையில்லாமல் ஒட்டுங்கள், பாதிக்கு மேல் வலப்பக்கம் இருக்கட்டும். அப்பா ஒரு மீட்டர் தள்ளி, நடுவுக்கு நேராக நாற்காலியில் உட்காரட்டும். நீங்கள் "14" என்றதும் அவர் தலையைத் திருப்பாமல் கண்ணால் தேட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் கண் வலப்பக்கம் சின்னச் சின்னப் படியாக இறங்கும், இருட்டில் மாடிப்படி தடவுவது போல. அதை விடச் சொல்லுங்கள். முதல் தாவலே சுவரின் வலது ஓரம் வரை பெரிதாகப் போக வேண்டும், இலக்கைத் தாண்டிப் போனாலும் சரி. அங்கிருந்து இடப்பக்கம் தேடிக்கொண்டு வரட்டும், இடப்பக்கம்தான் அவருக்குத் தெரியுமே. பத்து நிமிடம், காலையும் மாலையும். மூன்று நாளைக்கு ஒரு முறை தாள்களின் இடத்தை மாற்றாவிட்டால் மனப்பாடமாகிவிடும், பயிற்சி ஆகாது. தலை திரும்புகிறதா என்று தெரிய அவர் தலையில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், திரும்பினால் நழுவும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஓடும் எழுத்து. இந்த நோய்க்கு ஆராய்ச்சியில் நன்றாகத் தேறிய பயிற்சி இதுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 'ரீட்-ரைட்' என்ற பெயரில் ஆங்கில வாசகர்களுக்கு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எழுத்து வலமிருந்து இடமாக நகரும். கண் ஒரு சொல்லைப் பிடித்து இடப்பக்கம் துரத்திக்கொண்டு போகும், பிறகு தன்னையறியாமல் வலப்பக்கம் தாவி அடுத்த சொல்லைப் பிடிக்கும். தெரியாத பக்கம் தாவ மறந்த கண்ணை இப்படித் தூண்டில் போட்டு இழுக்கிறோம். தமிழில் செய்ய, போனில் 'எல்இடி ஸ்க்ரோலர்' என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும். போனைக் குறுக்காகப் படுக்கவைத்து, 40 சென்டிமீட்டரில் நிறுத்தி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சொல் தெரியும் அளவுக்கு எழுத்தை வையுங்கள். கறுப்பில் வெள்ளை போதும், மினுக்கும் வண்ணம் வேண்டாம். பத்துச் சொல்லில் ஒன்றிரண்டு மட்டும் தவறும் வேகத்தில் தொடங்கி, தவறு நின்றதும் ஒரு படி கூட்டுங்கள். வாய்விட்டுப் படிக்கட்டும், இல்லாவிட்டால் வால் பகுதியை ஊகித்துத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாக 20 நிமிடம் என்றால் இரண்டு மாதத்தில் 20 மணி நேரம் ஆகும். நேரம் குறைந்தால் பலனும் குறையும். டிவி செய்தியில் கீழே ஓடும் வரியும் இதே வேலையைச் செய்யும், வேகத்தை மாற்றமுடியாது என்பதுதான் குறை. நாடகம் பார்க்கிற நேரத்தைச் செய்திச் சேனலுக்கு மாற்றினால் வீட்டில் சண்டை வரும், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

இதோடு தாளில் வாசிப்பு. இங்கேதான் நல்லெண்ணத்தோடு எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பது. கண் மங்கியவருக்கு அது உதவும். அப்பாவுக்கு மிஞ்சியிருப்பதோ ஒரு சின்ன ஜன்னல். எழுத்தைப் பெரிதாக்கினால் சொல் நீண்டு, அதன் வால் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். 14 புள்ளி அளவு, வரிகளுக்கு நடுவில் ஒன்றரை மடங்கு இடைவெளி, இது போதும். செய்தித்தாளின் குறுகிய பத்தி ஆரம்பத்துக்கு நல்லது, வரி எங்கே முடிகிறது என்பது கைக்கு அடக்கமாகத் தெரியும். ஒவ்வொரு பத்தியின் வலது ஓரத்திலும் சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். விதி ஒன்றே: சிவப்புக் கோட்டைக் கண் தொடாமல் அடுத்த வரிக்கு இறங்கக் கூடாது.

சொல்லைப் பார்க்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். நாமெல்லாம் சொல்லின் தொடக்கத்துக்கும் நடுவுக்கும் இடையே கண்ணை நிறுத்துவோம். அவர் சொல்லின் கடைசி எழுத்தில் நிறுத்தப் பழகட்டும். அப்படி நிறுத்தினால் மொத்தச் சொல்லும் அவருக்குத் தெரியும் இடப்பக்கத்தில் விழும். இதற்கு வலது கை ஆள்காட்டி விரலைச் சொல்லின் கடைசி எழுத்துக்குக் கீழே வைத்து, "விரல் எங்கேயோ அங்கே பாருங்கள்" என்று சொல்லுங்கள். விரல் தெரியாத பக்கம் போனாலும் தன் கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும், கண் அதன் பின்னால் போகும். நீங்கள் உங்கள் விரலால் காட்டினால் இது வேலை செய்யாது, அவர் விரலாகவே இருக்க வேண்டும். சில நாளில் விரலை எடுத்துவிட்டு முயலலாம்.

ஒரே மூச்சில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடிபட்ட மூளை சீக்கிரம் களைக்கும். கொட்டாவி, கண் கசக்கல், எரிச்சலான பேச்சு, சரியாகப் படித்த சொல்லையே தவறாகப் படிப்பது, இதில் எது வந்தாலும் நிறுத்துங்கள். "இன்னும் ஒரு பத்தி" என்று தள்ளினால் அடுத்த நாள் பேப்பரைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். காலை எட்டு மணி வாக்கில், ஜன்னல் வெளிச்சம் பின்பக்கமிருந்து தாளில் விழும்படி உட்காருவது நல்லது.

முன்னேற்றத்தை உங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றும், எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் முன்பு பார்க்காத 100 சொல் செய்தி ஒன்று, போனில் ஸ்டாப்வாட்ச், தவறிய சொற்களின் எண்ணிக்கை. 100 சொல்லுக்கு 4 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 25 சொல். வேகம் ஏறி, வால் தவறுகளும் ஏறினால் அது முன்னேற்றம் அல்ல, ஊகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரம் வேகத்தைக் குறையுங்கள்.

கண்ணாடியைப் பற்றி. ஆபரேஷன் தேவையில்லை, சொட்டு மருந்தும் விட்டமினும் இதற்குப் பயன்படாது. ஆனால் அப்பா போட்டிருப்பது பைஃபோகலோ புரோகிரெசிவோ என்றால், படிப்பதற்கென்று தனியாக ஒரு சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி போட்டுக்கொடுங்கள். புரோகிரெசிவில் படிக்கும் பகுதி மிகக் குறுகலானது, கண்ணை வலது ஓரத்துக்கு ஓட்டினால் மங்கும். தாவப் பழகும் கண்ணுக்கு அது வேலி போட்ட மாதிரி. கண்ணாடியில் 'பிரிசம்' (காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் சில்லு) ஒட்டினால் பார்வை திரும்பிவிடும் என்று யாராவது விற்றால், அது நடக்கும்போது தெரியாத பக்கத்து ஆள் நடமாட்டத்தைக் காட்ட உதவலாம், வாசிப்புக்கு அல்ல என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

யூடியூப் பயிற்சிகளில் உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைப்பது, கண்ணைச் சுழற்றுவது இவற்றால் தீங்கில்லை, பயனும் இல்லை. அந்த இருபது நிமிடம் சுவருக்கும் ஓடும் எழுத்துக்கும் போகட்டும். சூரியனை உற்றுப் பார்க்கச் சொல்லும் எதையும் செய்யவே கூடாது. அது விழித்திரையைச் சுடும், இருக்கும் நடுப்பார்வையும் போய்விடும்.

இடையில் ஒரு கிளைப் பேச்சு. தொப்பூர் கணவாயிலும் நான்குவழிச் சாலையிலும் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர்கள் வீட்டிலிருந்தும் "படிக்க முடியவில்லை" என்ற இதே கேள்வி வரும். அவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அங்கே பெரும்பாலும் பாதிப் பார்வை போவதில்லை, இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து உள்பக்கம் குவிவது கெட்டுப்போகிறது. எழுத்து இரண்டாகும், நெற்றி வலிக்கும், ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும். பேனா முனையைக் கை நீளத்திலிருந்து மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால் 5, 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிய வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு முன்பே இரண்டாகப் பிரிந்தால் குவியும் சக்தி குறைவு. இதற்கு மூன்று வண்ண மணி கோத்த மூன்று மீட்டர் நூல் போதும். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறு முனை மூக்கு நுனியில். பார்க்கும் மணியில் நூல் இரண்டாகி, பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டும் இடம் மணிக்கு அப்பால் விழுந்தால் கண் போதுமான அளவு குவியவில்லை. ஒரே நூல் மட்டும் தெரிந்தால் ஒரு கண்ணின் காட்சியை மூளை அணைத்துவைத்திருக்கிறது, அதை ஆப்டோமெட்ரிஸ்டிடம் காட்டாமல் வீட்டில் தொடரக் கூடாது. இன்னும் சிலருக்குக் கீழே பார்க்கும்போது மட்டும் எழுத்து மேலும் கீழுமாக இரண்டாகும், படி இறங்கப் பயப்படுவார்கள், தலையை ஒரு தோளுக்குச் சாய்ப்பார்கள். நான்காவது மூளை நரம்பு அடிபட்டதன் அடையாளம் அது. அவர்கள் புத்தகத்தை மடியில் வைக்காமல் கண் உயரத்துக்குத் தூக்கி, சாய்வுப் பலகையில் வைத்துப் படித்தால் அன்றைக்கே பாதித் தொல்லை குறையும்.

உங்கள் அப்பாவிடம் திரும்புகிறேன். வலப்பக்கம் நிழல் போவது, பூனை ஓடுவது, பூ வேலைப்பாடு தெரிவது என்று எப்போதாவது சொல்வாரா? சொல்லாவிட்டால் மெதுவாகக் கேளுங்கள், பைத்தியம் என்பார்களோ என்று பலர் மறைப்பார்கள். செய்தி வராத பாதியை மூளை தானாகப் படம் போட்டு நிரப்புவது அது. ஆனால் வண்ண வெளிச்சம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி மின்னி, கூடவே கண்ணோ தலையோ ஒரு பக்கம் இழுத்தால் அது வலிப்பாக இருக்கலாம், நரம்பு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

வண்டி வேண்டாம். எக்ஸ்எல் மெதுவாகத்தானே போகும் என்ற வாதம் செல்லாது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், முந்திச் செல்லும் லாரியும் எதிரே வருவதும் எல்லாம் வலப்பக்கம். அவருக்குப் போயிருப்பது சரியாக அந்தப் பக்கம். சாவியை ஒளித்துவைப்பதைவிட, ஃபீல்டு டெஸ்ட் தாளில் கறுப்பாக அடைத்திருக்கும் பாதியை டாக்டரே அவருக்குக் காட்டிச் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் சொன்னால் கோபம் வரும், தாள் சொன்னால் வராது. நடக்கும்போது நீங்கள் அவருக்கு வலப்பக்கம் நடங்கள். வீட்டில் வலப்பக்க நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினால் இடித்துக்கொள்வது குறையும்.

இதைவிட முக்கியம் அடுத்த பக்கவாதம் வராமல் பார்ப்பது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை அவரே சீட்டைப் படித்து எடுக்க வேண்டாம், இப்போதைக்கு நீங்கள் எடுத்துக் கொடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அதைத் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாய் கோணினால், கை தளர்ந்தால், திடீரென்று இடப்பக்கமும் பார்வை மறைந்தால் 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகும்" என்பதில் அது கரைந்துவிடும்.

மேற்கொண்டு வழிகாட்டல் வேண்டுமானால் பெங்களூரு நிம்ஹான்ஸின் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு உங்களுக்குப் பக்கம், வேலூர் சி.எம்.சி.யிலும் மறுவாழ்வுப் பிரிவு உண்டு. எங்கே போனாலும் எம்.ஆர்.ஐ. படம், ஃபீல்டு டெஸ்ட் தாள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு, மூன்றையும் கொண்டுபோங்கள். மூன்றாவதைத்தான் அவர்கள் ஆவலாக வாங்கிப் பார்ப்பார்கள்.

மண்டி வேலை. சீசனுக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மாதப் பயிற்சிக்கு நேரம் சரியாக இருக்கிறது. கணக்கில் தொகைப் பத்தி வலது ஓரத்தில் இருப்பதுதான் அவருக்குச் சிக்கல். பழைய சிட்டைகள் இருபதை எடுத்து, தொகைப் பத்தியின் வலது விளிம்பில் சிவப்புக் கோடு போட்டு, கோட்டிலிருந்து இடப்பக்கமாக இலக்கங்களை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்: "ஒன்று, பத்து, நூறு, ஆயிரம்". எத்தனை இலக்கம் என்று தெரிந்த பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். நீண்ட வரிகளுக்கு இன்னொரு உபாயம் உண்டு, தாளைக் கால் வட்டம் வலப்பக்கமாகத் திருப்பினால் வரி மேலிருந்து கீழாக ஓடும், வலப்பக்க இருட்டு குறுக்கே வராது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் மாதம் காலையில் இரண்டு மணி நேரம் போதும், லோடு இறங்கிக் கூச்சல் ஏறுவதற்கு முன். எழுதுவது அவர் செய்யட்டும், அதில் கை தவறுவதில்லை. பேரேட்டுக்கு மாற்றும்போதும் பணம் கொடுக்கும்போதும் தொகையை அவர் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் சிட்டையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். நான்கு வாரம் தொடர்ந்து ஒரு இலக்கமும் விடுபடாவிட்டால் அந்த ஆளை எடுத்துவிடலாம்.